பின்னாலிருந்து தள்ளியவர்

பெரிய பாரம் ஒன்று தெருவில் வரும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது முன்னால் வரும் வண்டியை. அடுத்து, பாரத்தை. அதற்கும் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. "அவ்வளவுதான், போயிடுச்சு" என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அப்படிச் சாத்திக்கொள்ளும் கதவுகளைப் பார்த்தபடியே பாதி ஆயுளை ஓட்டிவிட்டவர் இவர்.

இவர் ஓட்டியது பின்வண்டி. அது என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்நிலையத்துக்குப் போகும் பெரிய மின்மாற்றி ஒரு மாடி வீட்டளவு இருக்கும். அதைச் சாதாரண லாரியில் ஏற்றினால் லாரியின் முதுகு முறிந்துவிடும், தார்ச்சாலையும் அமுங்கிவிடும். அதனால் மரவட்டைக்குக் கால்கள் இருப்பதுபோல வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்த ஒரு தாழ்வான தளத்தில் அதை ஏற்றுவார்கள். சக்கரங்கள் கூடக்கூட ஒவ்வொன்றின் மேலும் விழும் எடை குறையும். சாலை தப்பிக்கும். அந்தத் தளத்தை முன்னால் ஒரு வண்டி இழுக்கும், பின்னால் ஒரு வண்டி தள்ளும். மூன்றையும் ஆள் தொடை கனத்துக்கு இருக்கும் இரும்புத் தண்டுகள் பிணைத்திருக்கும். ஏற்றத்தில் பின்வண்டி தள்ளாவிட்டால் முன்வண்டி மூச்சு முட்டி நின்றுவிடும். இறக்கத்தில் பின்வண்டி பிடித்து இழுக்காவிட்டால் பாரம் முன்வண்டியின் மேலேயே ஏறிவிடும்.

ஆனால் பின்வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரிவது மின்மாற்றியின் பின்புறம் மட்டும்தான். சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புச் சுவர். காலையிலிருந்து பொழுது சாயும்வரை, ஆள் நடக்கிற வேகத்தில், அதையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். எதிரே கடலே வந்தாலும் வாக்கி டாக்கியில் முன்வண்டிக்காரர் சொன்னால்தான் தெரியும். "தள்ளுங்க", "போதும்", "விடுங்க", "பிடிங்க". இந்த நான்கு சொற்களுக்குள் இவருடைய உத்தியோகம் முடிந்துவிடும்.

கம்பெனி யார்டில் இவருக்குப் பெயரே "பின்னாடி" என்று ஆகிவிட்டது. முன்வண்டி ஓட்டியவருக்கு "முன்னாடி" என்று பெயர். "முன்னாடி டீ குடிக்க வந்தாச்சு, பின்னாடி எங்கப்பா?" என்று யாராவது கத்துவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் டீ கசக்கும்.

வேறு யாராவது முன்னால் உட்கார்ந்திருந்தால் இவருக்கு இவ்வளவு எரிந்திருக்காது. உட்கார்ந்திருந்தது இவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். அந்த ஆள் ரொட்டிக் கம்பெனி வேனில் கடைகடையாக ரொட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, "பாவங்க, என் தங்கச்சி புருஷனுக்கும் ஒரு வழி பண்ணுங்க" என்று மனைவி நச்சரித்ததால், இவர்தான் மேற்பார்வையாளரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். கிளீனராக வந்தவர் சின்ன வண்டி ஓட்டினார், பிறகு நடுத்தர வண்டி ஓட்டினார். பழைய முன்வண்டிக்காரர் கண் மங்கி ஓய்வு பெற்றதும், அந்த இருக்கை தனக்குத்தான் என்று இவர் புதுச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார்.

"உங்களை மாதிரி பதமா தள்ள வேற ஆளே இல்லைங்க. உங்களை முன்னாடி போட்டுட்டா பின்னாடிக்கு நான் யாரைத் தேடுவேன்?" என்றார் மேற்பார்வையாளர். "உங்க சகலை கண்ணாலயே வளைவை அளந்துடறான். அவனையே போட்டுடலாம்."

கையாலாகாதவனுக்கு மறுத்தால் ஒரு நியாயம் உண்டு. நன்றாக வேலை செய்கிறாய் என்று சொல்லி மறுத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது? புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு இவர் பின்வண்டியிலேயே ஏறினார்.

அன்றிலிருந்து சகலையின் ஒவ்வொரு அசைவும் இவருக்குக் கண்ணில் விழுந்த தூசி ஆனது. சகலை விசிலடித்தால் எரிச்சல். அவர் தலைமுடி இன்னும் கொட்டாமல் இருப்பது எரிச்சல். பெரிய பாரம் போகும்போது பத்திரிகைக்காரர்கள் எடுக்கும் படத்தில் சகலை ஜன்னல் வழியே கையாட்டிக்கொண்டு முழுசாக இருப்பார். இவருடைய வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி மட்டும் ஓரத்தில் பாதி விழுந்திருக்கும். மாமனார் வீட்டுக்குப் போனால் அங்கும் அதே கதைதான்.

"மாப்ளே, இந்தத் தடவை என்னத்தை இழுத்தீங்க?" என்பார் மாமனார், சின்ன மாப்பிள்ளையைப் பார்த்து.

"பெரிய கொதிகலன் மாமா. ஆத்துப் பாலத்துல ஒரு கை இடம்தான் இருந்துச்சு."

"அடேங்கப்பா!" மாமனார் அப்புறம் மரியாதைக்கு இந்தப் பக்கம் திரும்புவார். "நீங்களும் கூடப் போயிருந்தீங்களா மாப்ளே?"

சோறு இறங்குமா?

"அவரு என்ன பண்ணாரு உங்களை?" என்று ஒருநாள் மனைவி நேராகவே கேட்டாள். "என் தங்கச்சி புருஷன் உங்களை ஒரு வார்த்தை மரியாதைக் குறைவா பேசியிருக்காரா?"

"பேசினா பரவாயில்லையே. பதிலுக்கு நாலு பேசிட்டு நிம்மதியா இருப்பேன்."

உண்மையும் அதுதான். சகலை "அண்ணே, அண்ணே" என்று குழைவார். வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோடு வரமாட்டார். இவருடைய எட்டு வயது மகளைத் தோளில் தூக்கி, அவள் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லி வீடெல்லாம் சுற்றுவார். மகளுக்குச் சித்தப்பா என்றால் உயிர். பள்ளியில் பெரிய வண்டி வரையச் சொன்னபோது அவள் முன்வண்டியை விளக்கு, கண்ணாடி, ஹாரன் என்று ஒன்று விடாமல் வரைந்தாள். மின்மாற்றியைக் கட்டம் போட்டு வரைந்தாள். அதோடு தாள் முடிந்துவிட்டது.

"அப்பா வண்டி எங்கம்மா?"

"அதுவும் இருக்குப்பா. தாளுக்கு அந்தப் பக்கம்."

தாளைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. அதற்காகச் சாப்பிடாமல் படுக்கிற வயதா இவருக்கு? ஆனாலும் சாப்பிடாமல்தான் படுத்தார்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு மின்மாற்றியை ஏற்றிக்கொண்டு மகள் படிக்கும் பள்ளி வழியாகவே போகும்படி ஆயிற்று. அடுத்த தெருவில் மின்கம்பிகளைத் தூக்கிக் கட்டுவதற்காக, பள்ளியை ஒட்டியிருந்த காலி மைதானத்தில் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் மேற்பார்வையாளரிடம் வந்து, "பசங்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியுமா சார்?" என்று கேட்டார். மேற்பார்வையாளர் யோசிக்கவேயில்லை. "முன்னாடி சொல்லுவாரும்மா. நல்லா பேசுவாரு."

மகளின் வகுப்பு. மகளின் டீச்சர். அன்று ஒருநாளாவது அவள் நாலு பேர் முன்னால் "அது எங்கப்பா வண்டி" என்று சொல்லிவிட மாட்டாளா என்றுதான் இவர் விடியற்காலையிலேயே பின்வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். டயர்களுக்குக்கூடக் கறுப்பு பூசியிருந்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். சகலை டீச்சரைக் கூப்பிட்டு டயருக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். "பாருங்க பசங்களா, இந்த டயரு டீச்சரோட தோள் வரைக்கும் வருது. இதோட எடையும் டீச்சரோட எடையும்..."

"அதைச் சொல்லாதீங்க!" என்றார் டீச்சர். பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒவ்வொருவராக முன்வண்டியில் ஏறி ஹாரன் அடித்தார்கள். மகள் படிக்கட்டில் நின்றுகொண்டு, யார் முதலில் ஏறுவது, யார் அடுத்தது என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். "எங்க சித்தப்பா வண்டி. நான் சொல்ற ஆள்தான் ஏறணும்."

இவர் பின்வண்டியின் பக்கத்தில், துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் டீச்சர் வரிசையை இந்தப் பக்கம் ஓட்டி வந்தார். பின்வண்டியின் முதுகில் அடுக்கியிருந்த இரும்புப் பாளங்களைக் காட்டி ஒரு பொண்ணு கேட்டாள். "இது எதுக்கு மாமா?"

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பதில் அது. "அதாவது, டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல பிடிமானம்னு ஒண்ணு இருக்கு. மேல எடை இல்லைன்னா சக்கரம் இருந்த இடத்துலயே சுத்தும், அந்தப் பிடிமானம் வந்து, எடைக்குத் தகுந்தபடி..."

ஒரு பையன் கொட்டாவி விட்டான். அதற்குள் பின்னாலிருந்து சகலையின் குரல். "வெறும் வயித்தோட யாராவது பீரோவைத் தள்ள முடியுமா? அதான் இந்த வண்டி இரும்பைத் தின்னுட்டு நிக்குது!"

"ஆ..." என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். புரிந்துவிட்டது. இவர் வண்டியைப் பற்றிச் சொல்ல இருந்த ஒரே விஷயத்தையும் சகலையே சொல்லிவிட்டார்.

கொட்டாவி விட்ட பையன் இப்போது விழித்துக்கொண்டான். "அப்போ உங்களுக்கு எங்க போறோம்னே தெரியாதா மாமா? இந்த இரும்புச் சுவரைத்தானே பாப்பீங்க?"

மகள் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தாள். சகலை சட்டென்று, "அவரு கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவாருடா. அவ்வளவு தைரியம் எனக்கே கிடையாது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இவர் காதுக்குள் ஊசியாக இறங்கியது.

நண்பகலுக்குள் கம்பிகளைத் தூக்கிவிட்டார்கள். புறப்படலாம் என்று உத்தரவு வந்தது. பள்ளிச் சுவரைத் தாண்டியதும் சாலை இடப்பக்கம் வளைகிறது. வழியனுப்புவதற்காகப் பிள்ளைகளைச் சாலையின் வலப்பக்கம், பள்ளிச் சுவருக்கு உள்ளே பெஞ்சுகள் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். சுவருக்கு மேல் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

முன்வண்டி வளைவில் நுழையும்போது இவருடைய வண்டி சரியாக அந்தச் சுவரை ஒட்டி வந்தது. பிள்ளைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஒரு முகமாவது தெரிய வேண்டுமே! அத்தனை தலைகளும் முன்பக்கம் திரும்பியிருந்தன. கடைசித் தலை மகளுடையது. காலையில் இவர் மனைவி பின்னிவிட்ட இரட்டைச் சடை இவருக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. "சித்தப்பா! சித்தப்பா!" என்று அவள் முன்னால் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

வாக்கி டாக்கி பேசியது. "அண்ணே, வளைவு எடுக்கறேன். விடுங்க. முழுசா விடுங்க."

வளைவில் முன்வண்டி கோணலாக நிற்கும்போது பின்னாலிருந்து தள்ளக் கூடாது. தள்ளினால் முன்வண்டியின் வால் வெளிப்பக்கம் ஒதுங்கும், மூக்கு உள்பக்கம் திருகிக்கொள்ளும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரம் கற்றுக்கொடுக்கிற பாடம் அது. இவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

சடையைப் பார்த்துக்கொண்டே இவர் காலை அழுத்தினார்.

என்ஜின் உறுமியது. புகைக்குழாயிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று கிளம்பியது. பெஞ்சு அதிர்ந்திருக்க வேண்டும். மகள் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்துக் கையைக்கூடத் தூக்கினாள்.

அதே நேரம் முன்னாலிருந்து இரும்பு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அப்புறம் "நிறுத்து! நிறுத்து!" என்று பல குரல்கள். மகளின் தலை மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

இவர் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தார். முன்வண்டியின் இடது முன்சக்கரம் நடைபாதை மேல் ஏறி நின்றது. "மெதுவாகச் செல்லவும்" என்று எழுதிய பலகையின் கம்பம் வண்டியின் முன் பம்பருக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. சாலையின் அந்தப் பக்கத்தில் ஆட்கள் யாரும் இல்லாததால் ஒருவருக்கும் அடியில்லை. மின்மாற்றியும் அசையவில்லை. சகலை சரியான நேரத்தில் பிரேக்கைப் போட்டிருந்தார். ஆனால் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது ஒன்றுதான். முன்வண்டிக்காரன் வளைவைக் கோட்டைவிட்டுவிட்டான்.

"என்னய்யா இது? பசங்க பாக்கறாங்கன்னு ஸ்டைல் காட்டினியா?" மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். "ஹாரன் அடிக்கிறதுல இருக்கிற கவனம் ரோட்டுல இல்லையே!"

சகலை குனிந்து இரும்புத் தண்டைப் பார்த்தார். அது எந்தப் பக்கம் அழுந்தியிருக்கிறது என்று தொழில் தெரிந்தவனுக்கு ஒரு பார்வை போதும். நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"டயர் வழுக்கிடுச்சு சார்" என்றார் சகலை.

இவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். நல்லவன் என்ற பட்டத்தையும் இவனே எடுத்துக்கொண்டானா?

வண்டியைப் பின்னுக்கு நகர்த்தி நேராக்கினார்கள். தண்டு தாங்கும் என்று சோதித்துப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இவரிடம் வந்தார். "அண்ணே, மேலே மேடு இருக்கு. இவனை நம்பி ஏத்த எனக்கு மனசு வரல. நீங்க முன்னாடி உக்காருங்க. அவன் பின்னாடி போகட்டும். இனிமே எப்பவும் இப்படித்தான்னு வச்சுக்கலாம்."

இத்தனை வருடம் காத்திருந்த இருக்கை. இவர் பின்வண்டியிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பள்ளிச் சுவர் ஓரமாக முன்னால் நடந்தார். சகலை எதிரே நடந்து வந்து தாண்டிப் போனார். பெஞ்சின் மேல் மகள் இன்னும் நின்றிருந்தாள்.

"அம்மாடி, பாத்தியா? அப்பா இனிமே முன்வண்டி!"

அவள் முகமெல்லாம் கண்ணீர். "சித்தப்பாவை ஏம்பா அந்த மாமா அப்படித் திட்டறாரு? சித்தப்பா பாவம்பா." அப்பா எந்த வண்டியில் ஏறுகிறார் என்று அவள் பார்க்கவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து போகும் சித்தப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையாட்டினாலும் சித்தப்பாவுக்கு, அழுதாலும் சித்தப்பாவுக்கா? படியேறும்போது இவருக்குக் கால் தடுக்கியது.

முன்வண்டியின் கண்ணாடி அகலமானது. சாலை, மரம், கடைகள், ஓரத்தில் நின்று வாயைப் பிளக்கும் ஜனங்கள், எல்லாம் தெரிந்தது. இவர் ஜன்னலை இறக்கிவிட்டு ஒரு கையை வெளியே வைத்துக்கொண்டார். மேடு வந்தது. வாக்கி டாக்கியை எடுத்தார்.

"தள்ளு."

தள்ளு வந்தது. முதுகில் உள்ளங்கையை வைத்து, விழுந்துவிடாமல் ஒருவரை மாடிப்படி ஏற்றுவதுபோல வந்தது. ஒரு குலுக்கல் இல்லை. பாரம் கனக்கிற இடத்தில் தானாகக் கூடியது, சாலை சமமான இடத்தில் தானாகக் குறைந்தது. "போதும்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் சகலை விட்டிருந்தார். தான் ஒருநாளாவது இவ்வளவு பதமாகத் தள்ளியிருக்கிறோமா என்று யோசித்தார். இல்லை என்று உறுதியாகத் தெரிந்தது. அந்த ஆள் பின்வண்டியில் உட்கார்ந்து முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை!

மேட்டின் பாதியில் மேற்பார்வையாளர் குரல் கேட்டது. கம்பி தூக்கும் ஆட்கள் வரை எல்லோரும் கேட்கிற பொது அலைவரிசை அது. "பிரமாதம்ண்ணே! நீங்க முன்னாடி வந்ததும் வண்டி எப்படிப் போகுது பாருங்க! வெண்ணெய் மாதிரி!"

இந்தப் பாராட்டு யாருக்குச் சேர வேண்டும் என்று அந்தச் சாலையிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் இவர் ஒருவர்தான். அதே பாராட்டு முன்னால் போய் விழுந்ததை எத்தனை மேடுகளில் பின்னாலிருந்து கேட்டிருக்கிறார். கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறார். இப்போது பின்னால் இருப்பவன் பல்லைக் கடிக்கிறானா? கடித்தால் தள்ளுவதில் தெரியும். தெரியவில்லை. உள்ளங்கை அப்படியே முதுகில் இருந்தது.

அதுதான் இவரால் தாங்க முடியாமல் போனது. பொத்தானை அழுத்தினார்.

"சார், அந்த வளைவுல டயர் வழுக்கல. அவன் விடச் சொன்னான். நான்தான் தள்ளினேன். வேணும்னே."

வாக்கி டாக்கி கொரகொரத்தது. மேட்டின் உச்சி வந்ததும் மேற்பார்வையாளர், "நிறுத்துங்க" என்றார். பிறகு, குரலில் உயிரே இல்லாமல், "இடத்தை மாத்திக்குங்க. லோடு இறங்கினதும் நீங்க என்னை வந்து பாருங்க. கொஞ்ச நாளைக்கு உங்களுக்கு வண்டி கிடையாது. யார்டுல கழுவற வேலைதான்" என்றார்.

இவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். மின்மாற்றியின் நிழலில், வரிசையாக நின்ற சக்கரங்களுக்குப் பக்கத்தில், இருவரும் எதிரெதிரே வந்தார்கள்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் சகலை. "நான் இதை மனசுல வச்சு ஒரு பத்து வருஷம் குத்திக்காட்டலாம்னு இருந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க."

"விளையாடாத. உனக்குக் கோவமே வரலையா?"

"வராம? உங்க சட்டையைப் பிடிச்சு நாலு அறை விடணும்னுதான் பின்னாடி போய் ஏறினேன்." சகலை கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "மேட்டுல உங்களைத் தள்ளிக்கிட்டே வந்தேனா, அதுல எப்படியோ போயிடுச்சு. அந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்தா வேற என்ன பண்றது?"

இவர் நின்ற இடத்திலேயே நின்றார். இத்தனை வருடமாக இவரும்தான் தள்ளினார். எத்தனை மேடு, எத்தனை பாரம். தன் மனதிலிருந்து ஒரு குன்றிமணி அளவுகூடப் போகவில்லையே! இவனுக்கு மட்டும் ஒரே மேட்டில் போய்விட்டதாம். அதை நினைக்கவும் வயிறு எரிந்தது.

"பாப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார் சகலை.

"வேண்டாம். நானே சொல்லிக்கறேன்." அதையாவது நான் செய்கிறேன் விடு என்று சொல்ல நினைத்தார்.

பின்வண்டியில் ஏறினார். சகலைக்குக் கால் நீளம், இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார். இவர் அதை முன்னுக்கு இழுத்துச் சரிசெய்தார். எதிரே சாம்பல் நிறச் சுவர்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க" என்றது வாக்கி டாக்கி.

கொஞ்சம்தான் தள்ளினார். அவ்வளவோடு காலை நிறுத்துவது இவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது.